டெல்லி மாமாவும் டீக்கடை போர்டும்

"வித்துரு மாப்ளே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகாராஜன் மாமா சொல்லவில்லை. கொரோனா வந்த வருஷத்துப் பிப்ரவரியில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வராததால், என் வீட்டு உள்ளறையில் நாலு சாக்கு ஏலக்காய் மாசக்கணக்கில் கிடந்தது. பச்சை நிறம் போய், சாயம் போன துணி மாதிரி வெளுத்து, கடைசியில் பாதி விலைக்கும் கீழே போனது. அந்தக் கோபத்தை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை. போன மாசம் அவருக்குக் காரியம் நடந்தபோது வந்தவர்கள் ஆளுக்கு நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். "நீயும் சொல்லுப்பா வெள்ளை, நீதானே கூடவே இருந்த" என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பொறுத்துக்கொண்டு படியுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான் வெள்ளைத்துரை. போடியில் ஜீப்பு ஓட்டுகிறேன். காலையில் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பூப்பாறைப் பக்கத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது என் சோலி. அந்தப் பக்கமே ஒரு சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து வைத்திருக்கிறேன். என் பெண்டாட்டி பொன்மணி ராசிங்காபுரத்துக்காரி. மகாராஜனும் அந்த ஊர்க்காரர். அந்த வகையில்தான் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. டெல்லியில் நிதி அமைச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் போடியில் வந்து குடியேறியவர் என்பதால் ஊருக்கே அவர் டெல்லி மாமா.

அவருடைய அப்பா தக்காளியும் மொச்சையும் போட்ட விவசாயி. மகன் போடியில் படித்து, பரீட்சை எழுதி, குமாஸ்தாவாக டெல்லி போய், படிப்படியாக ஏறி, பட்ஜெட் தயாராகிற பிரிவிலேயே துணைச் செயலாளர் ஆனார். அங்கே ஒரு வழக்கம் உண்டாம். பட்ஜெட் அச்சுக்குப் போகிறதுக்கு முன்னால் பெரிய சட்டியில் அல்வா கிண்டி எல்லோருக்கும் கொடுப்பார்கள். அப்புறம் அந்த வேலையில் இருக்கிற ஆட்களைக் கட்டிடத்துக்குக் கீழே இருக்கிற அச்சகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாப்பாடு, படுக்கை எல்லாம் உள்ளேயே. போன் கிடையாது. நாடாளுமன்றத்தில் பேச்சு வாசித்து முடித்த பிறகுதான் கதவு திறக்கும்.

இதை முதல் தடவை அவர் சொன்னபோது டீக்கடை கார்முகில் கேட்டான். "அப்ப உங்களுக்கு அல்வா குடுத்துட்டுப் பூட்டுறாய்ங்க. எங்களுக்குப் பூட்டாமயே குடுக்குறாய்ங்க. அவ்வளவுதானே மாமா?"

கடையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் அப்பா இறந்தது அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு பிப்ரவரியில்தான். ராசிங்காபுரத்திலிருந்து தந்தி போய், ஆபீசில் கிடந்து, பேச்சு வாசித்து முடித்த மத்தியானம்தான் அவர் கைக்கு வந்தது. அவர் ஊர் வந்து சேர்ந்தபோது எலும்பு பொறுக்கி ஆற்றில் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள். இதை அவர் என்னிடம் அழுதுகொண்டு சொல்லவில்லை. ஒரு நாள், "சும்மா பேசிக்கிட்டே இருக்கீங்களே மாமா, வாய் வலிக்கலையா?" என்று நான் எரிந்து விழுந்தபோது திருப்பிக் கொடுத்தார்.

"வாயத் தொறக்காதேன்னு முப்பது வருஷம் பூட்டி வச்சிருந்தாய்ங்க மாப்ளே. இப்பத்தான் தொறக்குறேன். பேசுற எனக்கே வலிக்கல. கேக்குற உனக்கு எங்க வலிக்குது?"

எனக்கு வலிக்கத்தான் செய்தது. பட்ஜெட் வாசிக்கிற பிப்ரவரி ஒண்ணாம் தேதி வந்தால் ஜீப்பு ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற கார்முகில் கடைக்குக் காலையிலேயே வந்து டிவிக்கு நேராக உட்கார்ந்துகொள்வார். பேச்சு ஆரம்பித்ததும் இவரும் ஆரம்பிப்பார். அங்கே ஒரு திட்டத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி என்றால், இங்கே இவர், "போன வருஷம் இதே திட்டத்துக்கு ஒதுக்குனதுல எவ்வளவு செலவாச்சு, அதச் சொல்லு" என்று டிவியை அதட்டுவார். அங்கே மேசை தட்டுவார்கள், இங்கே இவர் பெஞ்சைத் தட்டுவார். டீ டம்ளர் ஆடும்.

"வாசிக்கிறது சாக்கோட மேல்வாய் மாப்ளே. ஏலக்காய் வாங்குறவன் மேல இருக்கிற காயப் பாத்தா வாங்குறான்? அடியில கைய விட்டு ஒரு பிடி எடுத்துப் பாக்குறான்ல? பட்ஜெட்டுக்கும் அடிச்சாக்கு இருக்கு. பின்னால அட்டவணை அட்டவணையாப் போட்டிருப்பான். ஒருத்தனும் கைய விட மாட்டேங்குறான்."

"எங்களுக்கு ஏலக்காய்ச் சாக்குலயே கைய விட நேரமில்ல மாமா" என்பேன்.

அந்தக் கடையில் ஒரு போர்டு உண்டு. கரும்பலகைதான். ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது, முடிந்ததும் விலை எல்லோர் போனுக்கும் வந்துவிடுகிறது. இருந்தாலும் கார்முகில் அன்றைய சராசரி விலையையும் உச்ச விலையையும் சாக்பீஸில் எழுதி வைப்பான். அவன் அப்பா காலத்துப் பழக்கம். போனில் பார்த்தவனும் கடைக்கு வந்து போர்டில் ஒரு தடவை பார்த்தால்தான் நம்புவான். மலைக்குப் போகிற ஜீப்புக்காரர்கள் எல்லோரும் அங்கே டீ குடித்துவிட்டுப் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார்கள். அதில் இருப்பது மத்தியானத்துக்குள் பூப்பாறை, சாந்தன்பாறை வரைக்கும் போய்விடும்.

கொரோனா வருஷத்து பட்ஜெட் அன்றைக்கு மாமா ரொம்ப நேரம் பேசினார். வரி வருமானம் நினைத்த அளவுக்கு வரவில்லையாம். மானியத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை வேறொரு நிறுவனத்தின் தலையில் கடனாகக் கட்டிவிட்டு, பற்றாக்குறை கம்மி என்று காட்டுகிறார்களாம். உண்மையான பள்ளம் இன்னும் பெரிதாம். அரசாங்கம் இன்னும் கடன் வாங்கும், ரூபாய் மதிப்பு இறங்கும் என்று முடித்தார். பாதிப் பேர் அதற்குள் எழுந்து போயிருந்தார்கள். கார்முகில் மட்டும் கவனமாகக் கேட்டான். மாமா கிளம்பிப் போன பிறகு சாக்பீஸை எடுத்து அன்றைய சராசரி விலைக்குக் கீழே எழுதினான்: "டெல்லி மாமா: ரூபாய் விழும்."

அவ்வளவுதான். விலைக்குக் கீழே இருந்தால் அது விலையைப் பற்றியதுதானே? எங்கள் ஊரில் எவனும் வேறு மாதிரி படிக்க மாட்டான். ரூபாய் விழுந்தால் டாலர் ஏறும், டாலர் ஏறினால் ஏற்றுமதிக்காரன் கூடக் கொடுப்பான், ஆகையால் காயை விற்காதே, வைத்திரு. டெல்லியில் பட்ஜெட் போட்ட ஆளே சொல்லிவிட்டார். மறுநாளே மலை முழுக்க இதுதான் பேச்சு. சாந்தன்பாறையில் ஒரு மலையாளத்துச் சேட்டன் என்னை நிறுத்தி, "நிங்ஙளுடெ டெல்லி அம்மாவன் பறஞ்ஞது சரியாணோ?" என்று, மாமா சொன்னது சரிதானா என்று கேட்டார். எனக்கும் வீட்டில் நாலு சாக்கு இருந்தது.

அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போனேன்.

"மாமா, வைக்கவா விக்கவா?"

"எதை?"

"காயைத்தான்."

"எனக்குத் தெரியாது மாப்ளே. நான் பேசுனது அரசாங்கக் கடனப் பத்தி. உன் காயப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சும்மா சொல்லாதீங்க. டெல்லியில இருந்தவருக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாதுன்னா தெரியாது. அந்தப் போர்டுல என் பேர அழிக்கச் சொல்லு மொதல்ல."

நான் வெளியே வந்தேன். பெரிய இடத்தில் இருந்தவர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள், தெரியாது என்றால் தெரியும் என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். பொன்மணியும் அதையேதான் சொன்னாள். "எங்க ஊர்க்காரரு அழுத்தக்காரரு. வாயிலிருந்து வராது. நீங்க வைங்க." வைத்தேன். மாமா இரண்டு தடவை கடைக்குப் போய் அந்த வரியை அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டார். கார்முகில், "சரி மாமா, சரி மாமா" என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் இன்னும் தடிப்பாக எழுதினான். அந்த வரியைப் பார்க்க வருகிறவனெல்லாம் டீயும் வடையும் சாப்பிட்டானே.

அடுத்த மாசம் ஊரடங்கு. ஏலம் நின்றது. ஜீப்பு நின்றது. கேரள எல்லையில் சோதனைச் சாவடியை அடைத்தார்கள். திரும்ப ஏலம் ஆரம்பித்தபோது விலை தரையில் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால் மாமா சொன்னபடி ரூபாயும் விழுந்திருந்தது. மனுஷன் சொன்ன ஒரு விஷயம் சரி. ஊர் கேட்ட விஷயம் தப்பு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏலக்காய் வியாபாரி ஜோசப்புக்குத்தான் பெரிய அடி. கோடவுன் நிறைய வைத்திருந்தவர். அவர் மாமாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். மாமா வீட்டுக் கேட்டில் யாரோ பூசணம் பிடித்த ஏலக்காயை ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். மாமா அதை அவிழ்த்து மோந்து பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "ஏய் புஷ்பா, பாயசத்துக்கு ஆகுமான்னு பாரு" என்றார். புஷ்பலதா அத்தை வெளியே வந்து பார்த்து, "இந்த வயசுல வாங்கிக் கட்டிக்கிறதுக்குத்தான் டெல்லியில இருந்து கூட்டிட்டு வந்தீங்களா?" என்று பையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

ஏற்றுமதியாகிற காய் கொஞ்சந்தான், பெரும்பகுதி இந்த நாட்டிலேயே செலவாகிறது, ரூபாய் விழுவதற்கும் நம் காய்க்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று அப்புறம் ஒரு நாள் எனக்கு விளக்கினார். அப்புறம்! எல்லாம் முடிந்த பிறகு! அப்போதுதான் தானும் விசாரித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. ஜீப்பு சாவியைச் சுழற்றிக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன்.

வேறு ஆளாக இருந்தால் அதோடு வாயை மூடியிருப்பார். இவர் அடுத்த பிப்ரவரி ஒண்ணாம் தேதியும் வந்து உட்கார்ந்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். "மாமா, இந்த வருஷம் எது விழும்?" என்று ஒருத்தன் கேட்டான். "பெஞ்சு விழும், ஓரமா உக்காராத" என்றார். அப்படியே வருஷா வருஷம். கேட்க ஆள் குறையக் குறைய இவர் குரல் கூடியது. நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பாசம் என்று நினைக்காதீர்கள். அவர் வீட்டுக்குத் திரும்ப ஜீப்பு வேண்டும், நான் உறவுக்காரன், தட்ட முடியவில்லை.

இந்த வருஷக் கதைக்கு வருகிறேன்.

மார்கழியிலேயே அவருக்கு இதயம் பலவீனம் என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். மாடி ஏறக்கூடாது, உப்பு கூடாது, கோபம் கூடாது. அத்தை எனக்குப் போன் செய்தாள்.

"அப்பு, ஒண்ணாம் தேதி நீ ஜீப்ப இந்தப் பக்கமே கொண்டு வரக்கூடாது. மத்தவங்களுக்குத் தீவாளிக்கு வெடி, இவருக்கு அன்னைக்குத்தான் வெடி. டிவிப் பெட்டி ஒயரப் பிடுங்கி அரிசி டின்னுக்குள்ள வச்சிட்டேன். நீ வந்தேன்னு தெரிஞ்சுது, உன் பெண்டாட்டிகிட்டச் சொல்லிக்குடுப்பேன்."

"நான் எதுக்கு வர்றேன் அத்தை? எனக்கென்ன அங்க சோலி?" என்றேன். மனசாரச் சொன்னேன்.

ஒண்ணாம் தேதி பெண்களை மலையில் இறக்கிவிட்டு வந்து வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மாமா.

"மாப்ளே... வெரசா ஜீப்பக் கொண்டா... மூச்சு முட்டுது... அத்தை கோயிலுக்குப் போயிருக்கா..."

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டு வாசலில் மனுஷன் வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்கிறார். ஏறி உட்கார்ந்தார். மூச்சு சீராக இருந்தது.

"கார்முகில் கடைக்கு விடு."

"யோவ்!" என்றேன். மாமா என்கிற மரியாதையே போய்விட்டது. "மூச்சு முட்டுதுன்னீங்க?"

"முட்டாம? பேச்சு ஆரம்பிச்சுட்டாங்க, இவ ஒயர அரிசிக்குள்ள வச்சிட்டா. முட்டுது, விடு."

"இறங்குங்க. நான் அத்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அவர் இறங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"ஒரே ஒரு விஷயம் சொல்லணும் மாப்ளே. சொன்னத சொன்னபடி இந்த ஊரு ஒரு தடவை கேக்கணும். போன தடவை கேட்ட மாதிரி இல்லாம. அடுத்த வருஷம் நான் இருப்பேனான்னு தெரியல. அதுக்கு மேல உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அடுத்த வருஷம் இருப்பேனா என்று கேட்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கும் ஒரு கணக்கு இருந்தது, மறைப்பானேன். வீட்டில் மறுபடி மூணு சாக்கு கிடந்தது. இந்தத் தடவையாவது வாய் தவறி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று கியரைப் போட்டேன்.

கடையில் நல்ல கூட்டம். ஜோசப்பும் இருந்தார். மாமாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. கார்முகில் வாயெல்லாம் பல்லாக, "வாங்க மாமா, நீங்க இல்லாம டிவியே சப்புன்னு இருக்கு" என்று சர்க்கரை இல்லாத டீயைக் கொண்டுவந்தான்.

மாமா டிவியைத் திட்டவில்லை. டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"வெள்ளை, ஜீப்புக்கு டீசல் போடுறேல்ல?"

"பின்ன, டீயா ஊத்துறேன்?"

"அதுல டெல்லி ஒரு வரி எடுக்குது. அந்த வரி இந்த டம்ளர் முழுக்கன்னு வையி. இதுல அடியில கிடக்குற ஒரு மடக்குதான் மாநிலங்களோட பங்கு போட்டே ஆகணும்கிற வரி. மேல இருக்குறது பூராவும் செஸ்ஸு, கூடுதல் வரின்னு வேற பேரு. அந்தப் பேரு வச்சிட்டா பங்கு கிடையாது. எல்லாம் ஒரே டம்ளரு, ஒரே டீ. கட்டுறவன் ஒரே ஆளு, நீ."

"சரி, அதனால?" என்றான் பிரபு. அவனும் ஜீப்பு ஓட்டுகிறவன், சின்ன வயசு.

"அதனால மெட்ராஸ்ல இருக்கிறவன் என்ன செய்வான்? எனக்குப் பங்கு வரலேன்னு அவன் ஒரு வரி மேல போடுவான். ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் கை காட்டுவாய்ங்க. நீ ரெண்டு பேரையும் திட்டிட்டு ரெண்டு பேருக்கும் கட்டுற. பேர மாத்தி வச்சா கணக்கு மாறிடும்ப்பா. ஓட்டுக் கேட்டு வர்றவன்கிட்ட ரோடு எப்ப, பாலம் எப்பன்னு கேக்குறீங்க. ஏண்டா இதுக்குப் பேர மாத்தி வச்சன்னு ஒருத்தன் கேளுங்க. அதத்தான் சொல்ல வந்தேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அன்றைக்குத்தான் அது விளங்கியது. டீசல் போட்டு வயிறெரிகிறவன் ஆயிற்றே நான். பிரபு தன் டம்ளரைத் தூக்கி எவ்வளவு டீ இருக்கிறது என்று பார்த்தான். மாமா முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்.

ஜோசப் தொண்டையைக் கனைத்தார். இத்தனை வருஷத்துக்கப்புறம் அவர் மாமாவிடம் பேசிய முதல் பேச்சு.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். காயை வைக்கவா, விக்கவா?"

கடை முழுக்க மாமாவின் வாயைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

மாமா பதில் சொல்வதற்குள் வெளியே ஒரே சத்தம். என்னவென்று திரும்பினால் பிரபு ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போகிறான். அவன் பின்னால் இன்னொரு ஜீப்பு, அதன் பின்னால் ஒரு லோடு ஆட்டோ, கேனைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் சைக்கிளில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாதான் முதலில் போர்டைப் பார்த்தார். நாங்கள் ஜோசப்பைக் கவனித்த நேரத்தில் கார்முகில் சாக்பீஸை எடுத்து நேற்றைய சராசரி விலைக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்: "டெல்லி மாமா: டீசல் வரி!"

விலைக்குக் கீழே. மறுபடியும்.

"டீசல் ஏறப்போகுதாம்ல!" என்று வெளியே யாரோ கத்தினார்கள். "டெல்லி மாமா சொல்லிட்டாரு! பங்க்குக்கு விடு!"

"அடப்பாவி, அழிடா அத!" மாமா எழுந்துவிட்டார்.

"மாமா, நீங்க சொன்னதத்தானே எழுதுனேன்?"

"ஏறும்னு நான் எப்படா சொன்னேன்? எங்கடா சொன்னேன்?"

"நான் ஏறும்னு எழுதலையே மாமா. வரின்னுதானே எழுதிருக்கேன்?"

மாமா பெஞ்சைத் தள்ளிக்கொண்டு போய், தோளில் கிடந்த துண்டால் போர்டைத் துடைத்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் துடைத்தார். அவர் பெயரும் போனது, டீசலும் போனது, சராசரி விலையும் போனது, உச்ச விலையும் போனது.

"யப்பா, சராசரிய அழிச்சுட்டாருப்பா!" என்று ஜோசப் அலறினார். அதே விலை அவர் சட்டைப்பையில் போனில் இருந்தது. "அழிச்சுட்டாருன்னா ஏதோ விஷயம் இருக்கு. இன்னைக்கு யாரும் விக்காதீங்க!"

மாமா திரும்பி அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். போர்டைப் பிடித்துக்கொண்டே சரிந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இந்தத் தடவை மூச்சு நிஜமாகவே முட்டியது.

நானும் கார்முகிலும் தூக்கி ஜீப்பு முன்சீட்டில் சாய்த்தோம். தேனிக்கு விட்டேன். எங்கே விட? ரோட்டோரப் பெட்ரோல் பங்க்கில் ஊரே நிற்கிறது. ஜீப்பும் டிராக்டரும் கேனுமாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டு, ஒருத்தனை ஒருத்தன் வைதுகொண்டு. ஹாரனை அமுக்கியபடியே கத்தினேன். "வழி விடுங்கடா! டெல்லி மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்!"

ஒருத்தன் எட்டிப் பார்த்து, "டெல்லி மாமாவே டீசல் போட வந்துட்டாருடா!" என்றான்.

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பிரபுதான் கூட்டத்தில் இறங்கி நாலு பேரைத் தள்ளி வழி பண்ணிக் கொடுத்தான். அவனும் டேங்க்கை நிரப்பிவிட்டுத்தான் இறங்கினான்.

ஊரைத் தாண்டியதும் மாமா கண்ணைத் திறந்தார். சீட்டில் தலையைச் சாய்த்தபடியே அவர் தோள் குலுங்கியது. வலி என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா சிரிப்பு இப்ப?"

"டெல்லியில... இம்புட்டு வெரசா... ஒரு உத்தரவும் போனதில்ல மாப்ளே."

"பேசாம வாங்க. புண்ணியமாப் போகும்."

அப்புறம், "வீட்டுல எத்தன சாக்கு கிடக்கு?" என்றார்.

"மூணு."

"எதுக்கு வச்சிருக்க?"

"நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு."

"எனக்குத் தெரியாது மாப்ளே." கையை எடுத்து என் தொடையில் வைத்தார். கை சில்லிட்டிருந்தது. "அன்னைக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொன்னேன், நீ நம்பல. அந்த ஆபீசுல நாங்க எல்லாரும் தெரிஞ்ச மாதிரி எழுதுவோம். அடுத்த வருஷம் எவ்வளவு வரும், எவ்வளவு செலவாகும், எல்லாம். திருத்தி எழுதுறதுக்கு ஒரு பத்தி தனியா வச்சிருப்போம். அது அம்புட்டுத்தான்."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். இத்தனை வருஷம் சுமந்த கோபத்துக்கு இந்த ஆள் இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டாரே என்று இன்னும் கோபம் வந்தது. தெரியாத ஒருத்தர் மேல் எப்படிக் கோபப்படுவது? அதனால் கியர் மேல் காட்டினேன்.

தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சுய நினைவோடுதான் இருந்தார். அத்தை ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "வாக்குக் குடுத்தியேடா அப்பு" என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாமா படுத்தபடியே, "அவன வையாத. நான்தான் மூச்சு முட்டுதுன்னு பொய் சொன்னேன்" என்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய். பேச வேண்டாம் என்று நர்சு சொல்லிவிட்டுப் போனது. அவரிடமா! கையைக் காட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"டீசல் ஏறுச்சா?"

"ஏறல. பங்க்குல டீசல் தீந்து போச்சு. அவ்வளவுதான்."

"ஜோசப்பு?"

"விக்கல. அவரு பேச்சக் கேட்டு இன்னைக்கு எவனும் விக்கல. நானும்தான் விக்கல."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நிமிர்ந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ளே, ஒரு சோலி பண்ணு. இன்னொரு போர்டு வாங்கு. அவன் கடையில எதிர்ச் செவுத்துல மாட்டு. விலை இந்தச் செவுத்துல, நான் சொன்னது அந்தச் செவுத்துல. ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு இருந்தா இந்த ஊர்ல எவனும் ஒழுங்காப் படிக்க மாட்டான்."

"சரி. வாங்குறேன். நீங்க எந்திரிச்சு வந்து எழுதுங்க."

"நான் வராட்டியும் மாட்டு."

"நீங்க இல்லாம அதுல யாரு எழுதுவா? நானா? எனக்கு ஒரு எழவும் தெரியாது."

"தெரியாதுன்னே எழுது. அது போதும்." மூச்சு வாங்கினார். நர்சு வருகிற சத்தம் கேட்டது. அவசரமாக என் காதைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"கார்முகில் கையில மட்டும் அந்தச் சாக்பீஸக் குடுத்துராத."